ஆளுக்கு ஒரு மரம்

ஆயுளுக்கும் ஆளுக்கு ஒரே ஒரு மரம்தான் என்று சட்டம். தனபாலன் தன் மரத்தை வாசல் கதவாக்கிக்கொண்டார். அசல் தேக்கு. அப்புறம், “கரண்டுல வேகமாட்டேன், கட்டையிலதான் வேகுவேன்” என்று சொல்லிவிட்டுச் செத்தும் போனார்.

வீட்டுக்கு வந்த சுடுகாட்டு அதிகாரி கையை விரித்தார்.

“அவரு பங்கு முடிஞ்சிருச்சும்மா. சுள்ளிகூடத் தர முடியாது. கட்டைதான் வேணும்னா இந்தக் கதவைக் கழட்டிக் குடுங்க.”

மகன் ஸ்க்ரூடிரைவரோடு வந்தான்.

“இருடா,” என்றாள் தனபாலனின் மனைவி கோமளவல்லி. “முப்பது வருஷம். மெதுவா சாத்து, மெதுவா சாத்துன்னு என் உசுர வாங்குனாரு.”

கதவைப் பிடித்து, சுவர் அதிர அறைந்து சாத்தினாள்.

பந்தலில் இருந்த அத்தனை பேரும் ஐஸ் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சத்தமில்லை.

“இப்பக் கழட்டு.”