பதினோரு பெட்டிகள்

"நாட்டுக்கு நீங்க செஞ்ச சேவைக்கு நன்றி, மிஸ்டர் டாக்கெட்" என்றாள் கவுண்டருக்குப் பின்னால் இருந்த நோர்மா.

வெண்டல் டாக்கெட்டுக்குப் புரிந்துவிட்டது. முன்னாள் படைவீரர் அலுவலகத்தில் இந்த நன்றியைச் சொன்னால் அடுத்து வருவது 'இல்லை'தான். இரண்டு முறை தபாலில் வந்தது. இன்று நேரிலேயே கிடைத்தது.

"மறுபடியும் இல்லைதானா, மேடம்?"

"நான் என்ன செய்யட்டும்? இராக்ல எரிகுழிப் புகையாலதான் நுரையீரல் போச்சுங்கறீங்க. ரெக்கார்டுல நீங்க லாரி டிரைவர். குழிப் பக்கம் போனதா ஒரு வரி இல்ல."

"லாரி ஓட்டினது முதல் வாரம்தான். அப்புறம் எட்டு மாசம் குழியிலதான் நின்னேன். டயர், பேட்டரி, ஆஸ்பத்திரிக் கழிவு... விமானத்துக்குப் போடற எண்ணெயை ஊத்திக் கொளுத்துவோம்."

"சிகரெட் பழக்கம்?"

"தொட்டதே இல்ல."

"பக்கத்துல யாராவது பிடிச்சாங்களா?"

"ஆமா. பத்து ஏக்கர்ல ஒரு குழி. ராத்திரி பகல்னு பார்க்காம பிடிச்சுது."

நோர்மா சிரிக்கவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

அவன் இருமி முடிக்கும்வரை காத்திருந்தாள். முப்பத்தெட்டு வயதில், ஒரு மாடி ஏற மூன்று இடத்தில் நிற்கிறான். நோய் ராணுவத்தில் வந்தது என்று ஒப்புக்கொண்டால்தான் சிகிச்சையும் ஊன ஓய்வூதியமும். மேல்முறையீட்டுக்கு இன்று மாலை நாலு மணியோடு கெடு முடிகிறது. இப்போது மூன்றரை.

"கூட இருந்தவங்க யாராவது எழுதிக் கொடுத்தா..."

"குழியில மூணு பேர் இருந்தோம். மத்த ரெண்டு பேரும் இப்ப நல்லா தூங்கறாங்க. ராணுவ மரியாதையோட."

"அப்ப யூனிட்டோட தினசரிப் பதிவேடு வேணும்."

"நாலு வருஷமா அதைத்தானே கேக்கறேன்."

"அது கிடைக்கலையே!"

"ஏன் கிடைக்கலன்னு எழுத்துல கொடுங்க. போயிடறேன்."

நோர்மாவுக்கு அப்பாடா என்றிருந்தது. இருக்கிறது என்று எழுதிக் கொடுக்கத்தான் அந்த அலுவலகத்தில் ஏழு கையெழுத்து வேண்டும். இல்லை என்று கொடுக்க ஒரு முத்திரை போதும். கம்ப்யூட்டரில் தேடினாள், ஒரு தாளை அச்செடுத்தாள், ஓங்கிக் குத்தினாள்.

"இந்தாங்க. இனிமே இதுல ஒருத்தரும் கேள்வி கேக்க முடியாது."

"கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க மேடம். கண்ணாடி வண்டியில இருக்கு."

அவள் கடகடவென்று படித்தாள். "முகாம் மூடப்பட்டபோது யூனிட்டின் பதிவேடுகள் அனைத்தும், மொத்தம் பதினோரு பெட்டிகள், முகாமின் எரிகுழியில் போட்டு அழிக்கப்பட்டன. எரித்தவர், எட்டு மாதங்களாக எரிகுழிப் பொறுப்பில் இருந்த..."

நோர்மாவின் குரல் அங்கேயே நின்றது.

வெண்டல் அவள் விரல்களுக்கு நடுவிலிருந்து தாளை மெல்ல உருவிக்கொண்டு, பக்கத்திலிருந்த மேல்முறையீட்டுக் கவுண்டருக்கு நகர்ந்தான்.

"கூச்சப்படாம படிச்சிருக்கலாமே மேடம், என் பேர்தான். பதினோரு பெட்டியையும் நானேதான் கொளுத்துனேன்."