பெல்ட்டில் இரண்டு ஓட்டை

"கிடார் பெல்ட்ட ரெண்டு ஓட்டை குறைச்சு மாட்டு, துலுக்கானம். வரப்போற ஆளு கொஞ்சம் குள்ளம்" என்றார் குணசேகரன்.

மணவாளனுக்குப் பகீரென்றது. வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்த பேஸ் கிடாரைக் கீழே வைத்தான்.

ஐயப்பன்தாங்கலில் துலுக்கானத்தின் வீடு அது. தன் மெல்லிசைக் குழுவைக் கலைத்துவிட்டு, கிடார், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் பாக்ஸ் எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தான். வாங்க வந்த குணசேகரனும் குழு நடத்துகிறவர்தான். ஆனால் பாட மட்டும்தான் தெரியும். அதனால்தான் பன்னிரண்டு வருஷமாகத் தன்னிடம் பேஸ் வாசிக்கும் மணவாளனைக் கூட்டி வந்திருந்தார்.

"புது ஆளு எதுக்கு அண்ணாத்தே? நான் இல்லியா?"

"உனக்கு ஃபேக்டரில ஷிஃப்ட்டு மாட்டிக்கினா நான் இன்னா பண்றது? போன மாசம் ரெண்டு தபா கைய விரிச்சிட்ட. ஞாயித்துக்கெயமை பூந்தமல்லி ரிசப்ஷன்ல புது ஆளு வாசிக்கட்டும். நீ கீழ குந்திகினு கேளு."

கீழே உட்கார்ந்து கேட்பதாம்! பன்னிரண்டு வருஷம் வாசித்தவனுக்கு இது தேவைதான்.

"எங்க புடிச்சீங்க ஆளை?"

"தேதி சொல்லப் போனேன்பா ஒரு ஊட்டுக்கு. உள்ள பேஸ் சத்தம். வாசல்லயே கால்மணி நேரம் நின்னுட்டேன். இன்னா கை! யாருன்னு மட்டும் கேக்காத, சஸ்பென்ஸு!" குணசேகரன் கண்ணைச் சிமிட்டினார்.

தேதி சொல்வதென்றால், அடுத்த கச்சேரி என்றைக்கு என்று குழுவில் வாசிக்கிறவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவது. அப்படியானால் ஆள் குழுவிலேயேதான் இருக்கிறான். குழுவில் குள்ளம் யார்? பாங்கோஸ் வாசிக்கும் கன்னியப்பன் ஒருவன்தான். பேஸ் கற்றுக்கொடு என்று நாலைந்து தடவை கேட்டு நச்சரித்தவனும் அவன்தான்.

ஆனால் கன்னியப்பனிடம் ஏது பேஸ் கிடார்?

அந்தக் கேள்வி வந்ததும் மணவாளனுக்கு வீட்டு நினைவு வந்தது. ஒரு மாதமாகவே வீட்டில் என்னமோ சரியில்லை. முத்தாபுதுப்பேட்டை வீட்டில் அவன் கிடாரை எடுக்கும்போதெல்லாம் பெல்ட் இரண்டு ஓட்டை குறைந்திருந்தது. முந்தாநாள் ஷிஃப்ட் முடிந்து நாலு மணிக்கு வந்து ஆம்ப்ளிஃபயர் மேல் கை வைத்தால், கொதித்தது.

பக்கத்து வீட்டுக்காரி பேபி வேறு, "நீ இல்லாதப்போ உன் ஊட்ல செவுரே அதிருதே, யாரு வந்து போறது?" என்று வாயைக் கிண்டினாள். மனைவி வசந்தகுமாரியைக் கேட்டதற்கு, "ரேடியோதான்" என்றாள். அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

படுபாவி! என் வேலைக்கு உலை வைக்க, என் வீட்டுக்கே வந்து, என் கிடாரிலேயே கை பழகியிருக்கிறான். நான் இல்லாத நேரத்தில்! இவளும் கதவைத் திறந்து விட்டிருக்கிறாள்!

"இன்னா மணவாளா, எது எடுக்கலாம்?" என்றார் குணசேகரன்.

இரண்டு செட் இருந்தன. கறுப்பு கிடார் தங்கம். அதன் ஆம்ப்ளிஃபயரும் பாக்ஸும் எவ்வளவு சத்தம் வைத்தாலும் பிசிறாமல் நின்றன. சிவப்பு கிடாருக்குக் கழுத்தே வளைந்திருந்தது. நாலு பாட்டு வாசித்தால் விரல் கிழியும். அதன் ஆம்ப்ளிஃபயர் சும்மா இருக்கும்போதே உறுமியது. பாக்ஸுக்குள் ஸ்பீக்கரின் பேப்பர் கிழிந்து, சத்தம் ஏற்றினால் தகரம் மாதிரி அதிர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஐந்நூறு பேர் முன்னால் கன்னியப்பன் முழிக்கப் போகிற முழியை நினைத்துப் பார்த்தான். நெஞ்சு குளிர்ந்தது.

"செவப்புதான்" என்றான். "ஆம்ப்பு, பாக்ஸு எல்லாம் அதோட சேந்ததே எடுங்க. அடிச்சுக்க முடியாது."

துலுக்கானம் வாயைப் பிளந்தான். "மணவாளா, நல்லா கேட்டியா? அதுவா?"

"பன்னெண்டு வருசமா வாசிக்கிறேன். எனக்கு நீ சொல்றியா?"

"அவன் சொன்னா சரிதான். அவன் காது மேல எனக்கு அம்மாம் நம்பிக்கை" என்று குணசேகரன் பேரமே பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டார். மணவாளன் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

"வந்தாச்சு!" என்று குணசேகரன் துள்ளி எழுந்தார்.

வரட்டும், சட்டையைப் பிடித்து நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று மணவாளன் வாசலுக்குப் பாய்ந்தான். ஆட்டோவிலிருந்து இறங்கியவள் வசந்தகுமாரி. விசேஷத்துக்குக் கட்டும் பச்சைப் புடவை. தலை நிறையக் கனகாம்பரம்.

"நீ இன்னாத்துக்கு இங்க வந்த? எங்க அவன்?" என்று பல்லைக் கடித்தபடி ஆட்டோவுக்குள் குனிந்து பார்த்தான். உள்ளே டிரைவரைத் தவிர யாருமில்லை.

அவள் அவனைப் பார்த்து வெட்கமாகச் சிரித்துவிட்டு, நேராகக் கூடத்துக்குள் போனாள். சிவப்பு கிடாரை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, ஆம்ப்ளிஃபயரைக் கையால் தடவிப் பார்த்தாள்.

"நீங்க பாத்து எடுத்தது, நல்லதாத்தான் இருக்கும், ஆனா நம்ம ஊட்டு ஆம்ப்பு மாதிரி நான் ஒரு மணி நேரம் வாசிச்சாலே சூடாயிடாதே?"