மூன்று முறை திரும்பிய பத்திரம்

மார்ச் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. நூலகத்தின் வயரிங் ஒப்பந்தத்துக்கு விண்ணப்பிக்க இன்னும் ஒரு மணி நேரமே மீதமிருந்தது. சொந்தமாகத் தொழில் தொடங்கிய எலெக்ட்ரீஷியனுக்குக் கைக்கெட்டிய முதல் பெரிய வேலை அது. அவர் நீட்டிய காப்பீட்டுப் பத்திரத்தை அலுவலகக் கண்காணிப்பாளர் மூன்றாம் முறையாகத் திருப்பித் தந்தார்.

“இன்னும் என்ன குறை, மேடம்?”

“வேலை நடக்கும்போது சேதமானாத்தான் இதுல நஷ்டஈடு. முடிச்சிட்டுப் போனப்புறம் வயர் எரிஞ்சா?”

“என் வேலை எரியாது!”

“வாய்ப்பேச்சு வேணாம். அதையும் சேத்து எழுதி வாங்கிட்டு வாங்க.”

பக்கத்தில் நின்ற போட்டியாளரிடமும் அதே குறையைச் சொன்னார். அவரோ, “இதையெல்லாம் யாரு பாக்கப்போறா?” என்று சிரித்துவிட்டு, விண்ணப்பத்தை அப்படியே பெட்டியில் போட்டார்.

எலெக்ட்ரீஷியன் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பீட்டு அலுவலகத்துக்கு ஓடினார். பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில், திருத்திய பத்திரத்துடன் மூச்சு வாங்கத் திரும்பினார்.

மாலையில் தேர்வுக் குழு அவர் பெயரை அறிவித்ததும் போட்டியாளர் கொதித்தார். “அநியாயம்! அந்த மேடம் இவரோட சம்சாரமாம்! வாசல்ல இப்பத்தான் சொன்னாங்க!”

குழுத் தலைவர் கோப்பின் முதல் தாளைக் காட்டினார். “அதை அவங்களே மொத நாளே எழுதிக் கொடுத்துட்டுத் தேர்வுலேருந்து விலகிட்டாங்க. சலுகையா காட்டுனாங்க? மூணு தடவை விரட்டியிருக்காங்களே, ஐயா!”

“வீட்டுலயும் இப்படித்தான் சார்,” என்றார் எலெக்ட்ரீஷியன், முகமெல்லாம் சிரிப்பாக.

குறையற்ற காப்பீடு அவர் ஒருவரிடமே இருந்ததால், ஒப்பந்தம் ஒருமனதாக அவருக்கே வழங்கப்பட்டது.