போறேன் மிஸ்

சமுதாயக் கல்லூரியில் புதிதாகச் சேரும் ஆசிரியர்களின் காதில் மாட்டிய ஏஐ வழிகாட்டி முதல் மாதம் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கும். பொற்கொடிக்கு இது ஒன்பதாவது நாள்.

ஏசி மெக்கானிக் வகுப்பு முடிந்ததும், நாற்பத்தைந்து வயது மாணவி மைமூன் ஸ்பேனர்களைத் துடைத்து மேசையில் வைத்தாள்.

"போறேன் மிஸ்."

"மாணவி விடைபெற்றார். அடுத்த வகுப்பு மாடியில். நான்கு நிமிடம்" என்றது வழிகாட்டி.

"தினமும் 'போயிட்டு வரேன்'னுதானே சொல்வாங்க?" என்றாள் பொற்கொடி.

"இரண்டுக்கும் பொருள் ஒன்றே."

"உனக்கு யாரு தமிழ் சொல்லிக்கொடுத்தா?"

பொற்கொடி வாசலுக்கு ஓடினாள். "எதிர்த்திசையில் செல்கிறீர்கள். மூன்று நிமிடம்" என்றது அது.

பஸ் நிறுத்தத்தில் மைமூன் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மைமூன் அக்கா!"

"மாணவிகளை அக்கா என்று அழைக்கக் கூடாது."

"வாய மூடு! ஐயோ, உங்களச் சொல்லலக்கா. என்னாச்சு?"

"மகன் சிரிக்கிறான் மிஸ், இந்த வயசுல ஏணி ஏறப்போறியா உம்மான்னு. படிப்ப விட்டுடலாம்னு..."

"பரீட்சைக்குப் பத்து நாள்தான் இருக்கு. ஏணிய நான் புடிச்சுக்கறேன், வாங்க."

பஸ் வந்தது. மைமூன் ஏறினாள். பிறகு படியில் நின்று திரும்பினாள்.

"போயிட்டு வரேன் மிஸ்."

"மாணவி விடைபெற்றார்" என்றது வழிகாட்டி.