சந்தனப் பொட்டு

சித்தப்பாவின் கம்ப்யூட்டர் உயிர் வந்த வேகத்திலேயே அணைந்துகொண்டிருந்தது. கதிரேசன் ஒயரை மாற்றிப் பார்த்தான், உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றித் துடைத்து மாட்டினான். ஒன்றுக்கும் அது மசியவில்லை.

கதவோரம் நின்ற வேதவல்லி சித்தி மெல்லச் சொன்னாள். "ஆயுத பூஜைக்கு உங்க சித்தப்பாதான் இதுக்குப் பொட்டு வைப்பாரு. அவர் போன பிறகு யாரு இருக்கான்னு இந்த வருஷம் நான் வெச்சேன். மறுநாளே நின்னுடுச்சு. அப்பவே உங்க அத்தை கேட்டாங்க, நீயெல்லாம் வைக்கலாமான்னு."

"அத்தைக்கு வேற வேலையில்ல சித்தி."

சொல்லிவிட்டுத்தான் கவனித்தான். பொட்டு பவர் பட்டன் மேலேயே இருந்தது. நீர்த்த சந்தனம் இடுக்கில் இறங்கிக் காய்ந்து, அமுக்கிய பட்டனை மேலே வரவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. வேறு வீடாக இருந்தால் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பான். ஈரத்துணியால் துடைத்து, குண்டூசியால் இடுக்கைச் சுரண்டினான். பட்டன் டக்கென்று எழுந்தது. திரை ஒளிர்ந்தது, அணையவில்லை.

"உள்ள ஒரே தூசி. எல்லாம் சித்தப்பா காலத்துத் தூசி."

சித்தி திரையைப் பார்க்கவில்லை. "பொட்ட அழிச்சிட்டியேப்பா" என்றாள்.

"அதுக்கென்ன, நீங்களே மறுபடி வைங்க. கொஞ்சம் கெட்டியா கொண்டாங்க."

வாய் தவறியது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. சித்தி பட்டனைப் பார்த்தாள், அவன் கையிலிருந்த சந்தனம் படிந்த குண்டூசியைப் பார்த்தாள். உள்ளே போனாள்.

சற்று நேரத்தில், கல்லில் சந்தனக்கட்டை உரசும் சத்தம் கேட்கத் தொடங்கியது.