இருட்டில் நாலு விளக்கு

“பார், மறுபடியும் மினுக்குது!”

ஓரத்தில் இருந்த பழைய டிவியைக் காட்டினாள் மார்கோ. அந்த ஸ்டூடியோ அவளுடையது.

திரையில் ஒரு சுரங்கப் பாதை. முன்பக்கம் பளிச்சென்று இருந்தது. உள்ளே போகப் போக மெல்ல மங்க வேண்டிய இருட்டு, வரி வரியாக உடைந்து நின்றது. அதற்குள் ஏதோ மினுக்கியது.

“நம்ம நல்ல மானிட்டர்ல சுத்தமாத்தானே இருக்கு?” என்றான் அவளிடம் வேலை பார்க்கும் ரெய்னோ.

“ஜனங்க பார்க்கப்போறது நம்ம மானிட்டர்லயா? சர்ச் ஹால் புரொஜக்டர்ல! அது இந்த டிவியை விடக் கிழம். இருட்டைக் கண்டா கடிச்சுக் குதறிடும்.”

சுரங்கக் கம்பெனிக்கான படம் அது. விஷவாயுவில் நாலு பேர் செத்த பிறகு மூடிக் கிடந்த நிக்கல் சுரங்கத்தைத் திரும்பத் திறக்கிறார்கள். செத்தவர்களின் குடும்பங்களைக் கூட்டி உட்காரவைத்துக் காட்ட, கம்ப்யூட்டரில் உருவாக்கிய படம். சுரங்கத்துக்குள் ஆள் யாரும் தெரியக் கூடாது என்பது கம்பெனியின் உத்தரவு.

அந்த நாலு பேருக்கும் இடுப்பில் மாட்டும் வாயு அலாரம் கொடுத்திருந்தார்களா என்று ஊர் கேட்டது. கம்பெனி ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்தது.

நாலு பேரில் ஒருவர் ரெய்னோவின் அப்பா. ‘அப்பன் செத்த இடத்தையே கூலிக்கு வரையறான்’ என்று மதுக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

“சரி பண்ணத் தெரியலைன்னா தள்ளு.”

மார்கோவே உட்கார்ந்தாள். கறுப்புக்கும் சாம்பலுக்கும் நடுவில் இன்னும் நுணுக்கமான படிகள் கொடுத்தாள். வரிகள் கரைந்தன. மினுக்கல் போகவில்லை.

மணல் தூவுவது போல மெல்லிய புள்ளிகளைத் தூவினாள். போகவில்லை.

கடைசியில் வெளிச்சக் கணக்கைப் பல மடங்கு கூட்டி, படத்தைப் புதிதாக ஓட்டினாள். கம்ப்யூட்டர் அவசரத்தில் போட்ட வெளிச்சம்தான் மினுக்கும். நேரம் கொடுத்தால் அடங்கிவிடும்.

அடங்கவில்லை. தெளிந்தது.

ஒரு புள்ளி நாலாகப் பிரிந்தது. நாலும் அசைந்தன. இருட்டின் அடியிலிருந்து அவளைப் பார்த்து வந்தன.

மார்கோ திரைக்கு அருகே குனிந்தாள்.

“ரெய்னோ... மூணாவது ஏன் நொண்டுது?”

அவன் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வெளிச்சத்தை ஏற்றினாள். ஹெல்மெட் விளக்கோடு நாலு ஆட்கள். முகம் இல்லை, நடை மட்டும். அந்த நொண்டல் நடையை அறியாதவர் ஊரில் கிடையாது.

“உங்கப்பா... நீயா வச்சே?”

“கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மங்கலாக்கித்தான் வச்சேன். அவங்க பாட்டுக்கு உள்ள இருக்கட்டும்னு. ரொம்ப மங்கினா பழைய மெஷின் திணறும்ங்கறதை மறந்துட்டேன்.”

பின்னால் யாரோ இருமினார்கள். படத்தைப் பார்க்க வந்த கம்பெனி அதிகாரி ஹார்கிரேவ். எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை.

ரெய்னோ எழுந்தான். “அழிக்க மாட்டேன் சார். வேலை போனாலும் சரி.”

“எதுக்குப்பா அழிக்கணும்?”

ஹார்கிரேவ் தொப்பியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது.

“நல்லா வெளிச்சம் போட்டுக் காட்டு. குடும்பங்க பார்க்கட்டும். கம்பெனிக்கும் நெஞ்சு இருக்கு.”

மார்கோ தன் நாற்காலியை அவருக்கு நகர்த்திக் கொடுத்தாள். இந்த மனுஷனைப் போயா இத்தனை நாள் திட்டினோம்?

“ஒண்ணே ஒண்ணு...” தொப்பியை மாட்டிக்கொண்டார். “நாலு பேர் இடுப்புலயும் வாயு அலாரம் வரைஞ்சிடு.”

“அது அவங்ககிட்ட...” என்று ஆரம்பித்தாள் மார்கோ.

“மரியாதைக்காகத்தாம்மா. செத்தவங்களை அரைகுறையா நிக்க வைக்கலாமா?”

ரெய்னோ திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, “வரைஞ்சிடறேன் சார்” என்றான்.

மறுநாள் ஹார்கிரேவ் நல்ல மானிட்டரில் பார்த்தார். நாலு ஆள், நாலு அலாரம். ரெய்னோவின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

“பெத்தவர் இடுப்புலயே பொய்யைக் கட்டிட்டியேடா!” மார்கோ வெடித்தாள். “உங்கம்மா முகத்துல எப்படி முழிப்பே?”

“ஹாலுக்கு அம்மாவும்தான் வர்றாங்க” என்றான்.

சர்ச் ஹாலில் விளக்கை அணைத்தார்கள். கிழட்டுப் புரொஜக்டர் முனகிக்கொண்டு ஓடியது.

இருட்டுக்குள்ளிருந்து நாலு பேரும் நடந்து வந்தார்கள். தலைவிளக்கு, தோள், நொண்டல், எல்லாம் துல்லியம். ஒரு குழந்தை கை நீட்டியது.

இடுப்பில் மட்டும் இருட்டு வரி வரியாக உடைந்திருந்தது. அதில் அலாரம் தெரிந்தது. மறைந்தது. தெரிந்தது. மறைந்தது.

மார்கோ மெல்லத் திரும்பி ரெய்னோவைப் பார்த்தாள். இந்தத் தடவை, அலாரத்தை மங்கலாக வரைந்தபோது, அவன் புரொஜக்டரை மறக்கவில்லை.

முன்வரிசையில் அவன் அம்மா ஹெல்மி எழுந்து, கூட்டத்தின் நடுவே இருந்த ஹார்கிரேவைப் பார்த்துத் திரும்பினாள். நாலு விளக்கும் அவள் முகத்தின் மேல் ஊர்ந்தன.

“ஹார்கிரேவ், நீங்களே சொல்லுங்க. அது அவங்ககிட்ட இருந்துச்சா, இல்லையா?”