பெயர் நீக்கிய டேட்டா

திரையில் அறுநூற்றுச் சொச்சம் வரிசைகள். ஒரு வரிசைக்கு ஒரு ஆள். அதில் ஒன்று நான்.

அது என் கணவருக்குத் தெரியாது. பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

வாராவாரம் நடக்கும் எங்கள் டேட்டா கூட்டம் அது. சமூகவியல்காரர்களும் புள்ளியியல்காரர்களும் ஒரே அறையில் கூடி, ஒருவர் கணக்கில் மற்றவர் ஓட்டை தேடுவோம். நான் முதல் கட்சி, என் கணவர் இரண்டாவது. அன்றைக்கு எடுத்துக்கொண்டது பல்கலைக்கழக ஊழியர்களின் வீட்டு வாழ்க்கை பற்றிய சர்வே. அதை யாரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றலாமா கூடாதா என்று முடிவெடுக்க வேண்டும்.

பெயரையும் போன் நம்பரையும்தான் நீக்கியாயிற்றே, இனி என்ன பயம் என்றார் துறைத்தலைவி.

பெயர் எதற்கு மேடம், நாலே கேள்வியில் ஆளைப் பிடித்துக் காட்டுகிறேன் என்று எழுந்தான் வடிகட்டி. புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியன். எதைக் கொடுத்தாலும் சலித்துவிடுவான் என்பதால் நாங்கள் வைத்த பெயர். நல்ல பையன்தான். அன்றைக்கு அவன் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

அந்தக் கேள்விகளை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. தைரியமாக உண்மையைச் சொல்லுங்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துவிட்டு, என் முறை வந்தபோது பொய் எழுதக் கை வரவில்லை. கடந்த ஓராண்டில் வீட்டில் யாராவது உங்களை அடித்தார்களா என்பது கடைசிக் கேள்வி. ஆம் என்று குறித்தேன்.

யார் என்று நாங்கள் கேட்டிருக்கவில்லை. என் விஷயத்தில் கேட்கவும் வேண்டாம். எங்கள் வீட்டில் மூன்றே பேர். இவர் இத்தனை வருஷத்தில் என்னிடம் குரலை உயர்த்தியதுகூட இல்லை. மிச்சம் இருப்பது எங்கள் மகன்.

வேலை போய் வீட்டோடு இருக்கிறான். இவர் இல்லாத நேரம் பார்த்துத்தான் அவன் கை நீளும். ஒருநாள் தட்டை வீசியெறிந்தபோது, உங்கம்மா மேல் கை பட்டால் மறுநிமிஷம் நீ இந்த வீட்டில் இல்லை என்று இவர் அவனிடம் சொன்னார். சொன்னால் செய்கிறவர். என் பிள்ளை எங்கே போவான்? அலமாரி இடித்தது, படியில் வழுக்கியது என்று எதையாவது சொல்லிச் சமாளித்து வருகிறேன்.

பல்கலைக்கழகக் குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள் என்று கூட்டத்தில் யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். முக்கால்வாசி வரிசைகள் காணாமல் போயின.

கணவன் மனைவி இருவருக்கும் இங்கேயே வேலை என்றது இன்னொரு குரல். மிச்சமிருந்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஒரு டீ குடித்துவிட்டு வரலாமே என்றார் என் கணவர். வீடு பற்றி எரிந்தாலும் இவருக்கு டீ வேண்டும். ஆனாலும் வாழ்க்கையில் முதல்முறையாக அந்த டீயை நான் வாழ்த்தினேன். துறைத்தலைவி விடவில்லை.

ஒரே பிள்ளை உள்ளவர்கள். ஐந்து வரிசைகள்.

இதிலேயே புரிந்துவிட்டது, போதுமே என்றேன். அதற்கு மேல் பேசினால் உனக்கென்ன வந்தது என்பார்கள். தேள் கொட்டிய திருடன் கத்த முடியுமா? புரொஜெக்டர் வெளிச்சம் கண்ணை உறுத்துகிறது, அணைத்துவிட்டுப் பேசுவோம் என்று இவரும் ஏதோ முனகினார். யார் காதிலும் விழவில்லை.

“கடைசி ஒண்ணு மேடம். வயசு வந்த பிள்ளை, வேலையில்லாம வீட்ல இருக்கிறது,” என்று பட்டனைத் தட்டினான் வடிகட்டி.

இரண்டு வரிசைகள் நின்றன.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எங்கள் வீட்டில் நான் மட்டும்தான் சர்வேயை நிரப்பினேன். இவர் நேரமில்லை என்று அப்போதே கைகழுவிவிட்டார். அப்படியானால் எங்களைப் போலவே இன்னொரு குடும்பம் இருக்கிறது. இரண்டில் எது நான் என்று எவனாலும் சொல்ல முடியாது. முகம் தெரியாத அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

வடிகட்டிக்குத் தோற்க மனமில்லை. திரையைப் பக்கவாட்டில் நகர்த்தினான்.

ஒருவர் பெண். வயது என் வயது.

இன்னொருவர் ஆண். அந்த வயதுக்குப் போன வருஷம்தான் வீட்டில் கேக் வெட்டினோம்.

நிறுத்து என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் கடைசிக் கேள்வி வந்து நின்றது. அதன் கீழே இரண்டு கட்டங்கள். ஆம். ஆம்.

நான் இவரை ஒருநாளும் அடித்ததில்லை.

வடிகட்டி திரையை அணைத்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பாமலிருக்கப் படாத பாடு பட்டான். இதை ஏற்ற வேண்டாம் என்று துறைத்தலைவி மெதுவாகச் சொன்னார்.

என் கணவர் அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

“உன்னையுமா?”